அளப்பவன் குற்றமா, மரக்கால் குற்றமா?

(அமெரிக்க நீதிமுறையில் நிறவெறி என்பது பற்றி, ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

2020-ம் ஆண்டு மே 25-ந் தேதி, அமெரிக்காவில் மினியாபொலிஸ் என்ற நகரத்தில், ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத் தொழிலாளி நடுத்தெருவில் உயிர் விட்டார். டெரக் ஷாவின் என்ற வெள்ளைப் போலீஸ்காரர் ஒன்பது நிமிஷத்துக்கு மேல் அவருடைய கழுத்தின் மீது முழங்காலை ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தார். போலீஸ் இலாகா முதலில் கொடுத்த அறிக்கையில் கழுத்துமில்லை, முழங்காலுமில்லை. உடல்நலக் கோளாறால் ஒரு மனிதர் இறந்தார் என்பதே அதன் சாரம். வழியோடு போன 17 வயதுப் பெண் ஒருத்தி தன் கைபேசியில் அதைப் படம் பிடித்திராவிட்டால், அந்த அறிக்கைதான் இன்று வரை சரித்திரமாக இருந்திருக்கும்.

உலகமெங்கும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2021 ஏப்ரலில் ஷாவின் குற்றவாளி என்று ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். 22½ ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நல்ல தீர்ப்பு. நாம் வரவேற்க வேண்டிய தீர்ப்பு.

ஆனால் அன்றே பலர் ஒரு வாதத்தைக் கிளப்பினார்கள். "பார்த்தீர்களா, கெட்டவன் ஒருவன் தண்டிக்கப்பட்டு விட்டான். நீதி நிலைத்து விட்டது. இனி அமெரிக்க நீதிமுறையில் குறை சொல்ல என்ன இருக்கிறது?" என்றார்கள்.

இந்த வாதத்தைத்தான் இன்று நாம் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். நிறவெறி என்பது மனிதனின் நெஞ்சில் மட்டும் இருக்கிறதா? சட்டத்திலும், கோர்ட்டிலும், அபராதச் சீட்டிலும்கூட இருக்கிறதா?

நெல் அளக்கிற களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூலி அளக்கிற ஆள் கெட்டவனாக இருந்தால் தலை தட்டி அளப்பான். நல்லவனாக இருந்தால் கொஞ்சம் தாராளமாக விடுவான். ஆனால் மரக்காலின் அடியிலேயே ஒரு கட்டையை வைத்து அடைத்திருந்தால்? எவ்வளவு நல்லவன் அளந்தாலும் உங்களுக்குக் கூலி குறையும். அவன் கையில் பாவமில்லை, மரக்காலில் இருக்கிறது. ஆளை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் மரக்கால் சிரித்துக்கொண்டிருக்கும்.

ஒரு நல்ல நீதிபதியின் கதை

1931-ம் ஆண்டு. அமெரிக்காவில் பொருளாதார நெருக்கடி. வேலை தேடி ஆயிரக்கணக்கானவர்கள் சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த காலம். மார்ச் 25-ந் தேதி அலபாமா மாநிலத்தில் அப்படி ஒரு ரயிலில் கறுப்பு இளைஞர்களுக்கும் வெள்ளை இளைஞர்களுக்கும் சண்டை மூண்டது. ரயிலை நிறுத்தி, ஒன்பது கறுப்பு இளைஞர்களைக் கைது செய்தார்கள். ஒருவருக்கும் 20 வயதுக்கு மேலில்லை. அதே ரயிலில் வந்த இரண்டு வெள்ளைப் பெண்கள், இந்த ஒன்பது பேரும் தங்களைக் கெடுத்து விட்டதாகக் குற்றம் சாட்டினார்கள். அந்த இரண்டு பெண்களும் யார் தெரியுமா? ஹன்ட்ஸ்வில் என்ற ஊரில் பஞ்சாலையில் கூலி வேலை பார்த்தவர்கள்.

ஸ்காட்ஸ்பரோ என்ற ஊரில் விசாரணை. கைதாகி இரண்டு வாரம் கூடத் தாண்டவில்லை. விசாரணை நாள் காலை வரை எதிரிகளுக்கு வக்கீல் யார் என்றே நிச்சயமாகவில்லை. ஜூரிகள் அத்தனை பேரும் வெள்ளையர். சில நாட்களுக்குள் எட்டு பேருக்கு மரண தண்டனை!

அமெரிக்கக் கம்யூனிஸ்டுகள் முன்னின்று நடத்திய சர்வதேசத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு இந்த வழக்கை எடுத்துக்கொண்டது. பல நாடுகளில் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. 1932-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தண்டனையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. 1933-ல் மறுவிசாரணை. குற்றம் சாட்டிய இரண்டு பெண்களில் ஒருத்தியான ரூபி பேட்ஸ், எதிர்த்தரப்புச் சாட்சியாகவே கூண்டில் ஏறினாள். "அப்படி எதுவும் நடக்கவில்லை, நான் சொன்னது பொய்" என்று சத்தியம் செய்து சொன்னாள். பிறகு அந்த இளைஞர்களின் தாய்மார்களோடு சேர்ந்து ஊர்வலமும் போனாள். பஞ்சாலையில் உழைத்த ஒரு ஏழைப் பெண்ணுக்கு, பொய்யை விட்டு வெளியே வரும் தைரியம் பிறந்தது. ஆனாலும் வெள்ளை ஜூரிகள் முதல் எதிரியான ஹேவுட் பாட்டர்சனுக்கு மீண்டும் மரண தண்டனையே விதித்தார்கள்.

இங்கேதான், தோழர்களே, நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. விசாரித்த நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன் ஒரு வெள்ளையர். நேர்மையானவர். சாட்சியங்களைப் புரட்டிப் பார்த்தார். மருத்துவச் சாட்சியமே குற்றச்சாட்டுக்குப் பொருந்தவில்லை என்று கண்டார். ஜூரிகளின் முடிவைத் தள்ளிவிட்டு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். என்ன நடந்தது? வழக்கு வேறொரு நீதிபதியிடம் போயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் பாட்டர்சனுக்கு மறுபடியும் மரண தண்டனை. ஹார்ட்டனோ அடுத்த ஆண்டுத் தேர்தலில் தோற்று, நீதிபதிப் பதவியையே இழந்தார்.

நல்லவர் ஒருவர் அளக்க வந்தார். மரக்கால் அவரைக் களத்தை விட்டே வெளியேற்றியது! மரண தண்டனைகள் கடைசியில் நிறைவேறவில்லை. ஆனால் ஒன்பது இளைஞர்களும் சேர்ந்து நூறாண்டுக்கு மேல் சிறையில் கழித்தார்கள். அலபாமா மாநிலம் கடைசிப் பெயர்களைக் களங்கம் நீக்கி மன்னித்தது 2013-ம் ஆண்டில். அப்போது அவர்களில் ஒருவரும் உயிரோடில்லை.

மரக்கால் எங்கே செய்யப்பட்டது?

1865-ல் அமெரிக்காவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஒழித்த அரசியல் சட்டத் திருத்தத்திலேயே ஒரு விலக்கு இருந்தது. குற்றத்துக்குத் தண்டனையாக மட்டும் ஒருவனைக் கட்டாய வேலை வாங்கலாம் என்பது அந்த விலக்கு. தென் மாநிலப் பண்ணையார்களுக்கு இந்தச் சந்து போதும்.

அதே ஆண்டில் மிஸ்ஸிஸிப்பி மாநிலம் சட்டங்கள் இயற்றியது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஜனவரியில் தனக்கு வேலை இருக்கிறது என்பதற்கு எழுத்துச் சான்று காட்ட வேண்டும். காட்டாதவன் நாடோடி, நாடோடியாக இருப்பது குற்றம், குற்றத்துக்கு அபராதம். அபராதம் கட்டப் பணமில்லையா? எவன் கட்டுகிறானோ அவனிடம் போய் வேலை செய்ய வேண்டும்! நேற்று விலைக்கு வாங்கிய அதே முதலாளி இன்று அபராதம் கட்டி வாங்கினான்.

அடுத்து வந்தது, கைதிகளைக் குத்தகைக்கு விடும் முறை. சிறையிலிருப்பவர்களை நிலக்கரிச் சுரங்கங்களுக்கும், ரயில் பாதை போடும் கம்பெனிகளுக்கும், பண்ணைகளுக்கும் மாநில அரசுகள் வாடகைக்கு விட்டன. 1898-ல் அலபாமா மாநில வருவாயில் ஏறத்தாழ 73 சதவீதம் இப்படிக் கிடைத்ததுதான். அரசின் கஜானாவே கைதியை நம்பி இருக்கும்போது, கைதிகளுக்குப் பஞ்சம் வருமா? அலபாமா இந்த முறையைக் கைவிட்டது 1928-ல்.

இதில் கறுப்பினத்தவர் மட்டும்தான் நஷ்டப்பட்டார்களா? இல்லை. டென்னஸி மாநிலத்தில் நிலக்கரிக் கம்பெனிகள் கூலித் தொழிலாளரை வெளியே தள்ளிவிட்டுக் கைதிகளைச் சுரங்கத்தில் இறக்கின. 1891-ல் கோல் கிரீக் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள் திரண்டெழுந்தார்கள். கைதிகளையும் காவலர்களையும் ரயிலேற்றி அனுப்பினார்கள். பிறகு கொட்டடிகளைத் திறந்து கைதிகளை வெளியே விட்டார்கள். அந்த மாநிலம் அடுத்த சில ஆண்டுகளில் இந்த முறையையே கைவிட வேண்டியதாயிற்று. சங்கிலியிட்ட உழைப்பாளி ஒருவன் பக்கத்தில் இருக்கும்வரை, சங்கிலியில்லாத உழைப்பாளியின் கூலியும் நிற்காது. இதை அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் வயிற்றாலேயே தெரிந்துகொண்டார்கள்.

எழுதியவர் செத்தார், சட்டம் சாகவில்லை

லூயிசியானா மாநிலத்தைப் பாருங்கள். கறுப்பினத்தவரை ஜூரியில் சேர்க்காமலே இருக்க முடியாத நிலை ஏற்பட்டது. 1898-ல் அந்த மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தக் கூடியவர்கள், வெள்ளையர் ஆதிக்கத்தை நிலைநாட்டவே கூடியிருக்கிறோம் என்று ஒளிவு மறைவின்றிச் சொன்னார்கள். 12 ஜூரிகளில் 9 பேர் சொன்னால் போதும், ஒருவனைக் குற்றவாளியாக்கலாம் என்று விதி செய்தார்கள். அதாவது கறுப்பினத்தவர் இரண்டு மூன்று பேர் ஜூரியில் உட்காரட்டும். அவர்கள் வாக்குக்கு மதிப்பிருக்காது!

பின்னர் 9 என்பது 10 ஆயிற்று. ஆனால் அந்த விதி 2018 வரை உயிரோடிருந்தது. அந்த ஆண்டு மாநில மக்கள் வாக்களித்து அதை நீக்கினார்கள். 2020-ல் சுப்ரீம் கோர்ட், கடுங்குற்ற வழக்கில் இப்படித் தண்டிப்பது அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்று தீர்ப்பளித்தது. ஆனால், ஏற்கெனவே முடிந்துபோன வழக்குகளுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது என்று மறு ஆண்டே அதே கோர்ட் சொல்லிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். 1990-ல் லூயிசியானாவில் தீர்ப்பெழுதிய ஒரு நீதிபதி நல்லவராகவே இருந்திருக்கலாம். 1898-ல் என்ன நடந்தது என்பதே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அவர் சட்டப்படிதான் நடந்தார். அந்தச் சட்டம் தன் வேலையைச் செய்தது. அமைப்பில் ஊறிய நிறவெறி என்று சொல்வது இதைத்தான். அது நடப்பதற்கு அன்றாடம் ஒருவர் வெறுப்போடு இருக்க வேண்டிய அவசியமில்லை.

நிறம் குறிப்பிடாத சட்டங்கள்

சில சட்டங்களில் நிறம் என்ற பேச்சே இராது. 1986-ல் அமெரிக்க நாடாளுமன்றம் போதைமருந்துச் சட்டம் ஒன்றை இயற்றியது. கோகைன் பொடியாகவும் வரும், கட்டியாகவும் வரும். சரக்கு ஒன்றுதான். பொடியானால் 500 கிராம் வைத்து விற்றவனுக்கு ஐந்தாண்டுச் சிறை. கட்டியானால் 5 கிராமுக்கே ஐந்தாண்டுச் சிறை. நூறு மடங்கு வித்தியாசம்! கட்டி மலிவு, ஏழைகளின் பேட்டைகளில் புழங்கியது. கட்டிக்காக மத்திய கோர்ட்டுகளில் தண்டிக்கப்பட்டவர்களில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். 2010-ல் இந்த வித்தியாசத்தை 18 மடங்காகக் குறைத்தார்கள். குறைத்தார்களே தவிர, ஒழிக்கவில்லை.

ஃபெர்கூசன் என்ற சிறு நகரத்தைப் பாருங்கள். 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது இளைஞன் அங்கே போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டான். மத்திய அரசின் நீதி இலாகா அந்த நகரப் போலீசையும் கோர்ட்டையும் துருவி ஆராய்ந்து 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. நகர மக்களில் கறுப்பினத்தவர் 67 சதவீதம். கைதானவர்களில் 93 சதவீதம். அந்த ஆண்டு நகர வருவாய் 1 கோடியே 32 லட்சம் டாலருக்குச் சற்று மேல். அதில் 30 லட்சம் டாலருக்கு மேல் அபராதமும் கோர்ட் கட்டணமுமாக வரும் என்று பட்ஜெட்டே போட்டிருந்தார்கள். குற்றத்தைக் குறைக்க வந்த போலீசுக்கு, வருவாயைப் பெருக்கும்படி நகர அதிகாரிகள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அறிக்கையில் பெயர் குறிப்பிடாத ஒரு பெண்ணின் கதை வருகிறது. 2007-ல் ஒரு தடவை காரை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினாள். 151 டாலர் அபராதம். வீடின்றித் தவித்த ஏழை. கெடுவில் கட்ட முடியவில்லை, கோர்ட்டுக்கு வரத் தவறினாள். ஒவ்வொரு தவறலுக்கும் வாரண்டு, மேலும் அபராதம். 25 டாலர், 50 டாலர் என்று கையிலிருந்ததைக் கொண்டுபோய்க் கட்டப் பார்த்தாள். முழுத் தொகையல்ல என்று கோர்ட் திருப்பிக் கொடுத்துவிட்டது. இரண்டு முறை கைதாகி ஆறு நாள் சிறையில் இருந்தாள். 550 டாலர் கட்டினாள். ஏழாண்டுக்குப் பிறகு 2014 டிசம்பரில் அவள் கட்ட வேண்டிய பாக்கி 541 டாலர்!

கந்து வட்டிக்காரன் கணக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதில் எந்தக் குமாஸ்தா நிறவெறியன் என்று தேடிக்கொண்டிருந்தால் விடியுமா?

"அவர்கள் அதிகம் குற்றம் செய்கிறார்கள்" என்ற வாதம்

"கறுப்பினத்தவர் அதிகம் குற்றம் செய்கிறார்கள், அதனால் அதிகம் சிறைக்குப் போகிறார்கள்" என்று சிலர் சொல்லுவார்கள். இந்த வாதத்தை நாம் ஒதுக்கிவிடாமல் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். வறுமையும் வேலையின்மையும் மண்டிய இடங்களில் சில குற்றங்கள் கூடுதலாக இருப்பது எந்த நாட்டிலும் உண்மை. வறுமையை ஒரு நிறத்தின் மீது சுமத்தியது யார் என்பது தனிக் கேள்வி.

ஆனால் ஒரே குற்றத்தை இரு நிறத்தாரும் ஒரே அளவில் செய்யும்போது என்ன நடக்கிறது? கஞ்சாப் பழக்கம் இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். ஆனால் 2010-ம் ஆண்டுக் கணக்குப்படி, கஞ்சா வைத்திருந்ததாகக் கைதாகும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு மூன்றரை மடங்குக்கும் மேல். போலீஸ் எங்கே போய்த் தேடுகிறதோ அங்கேதான் குற்றவாளி அகப்படுவான்.

கோர்ட் மூடிக்கொண்ட கதவு

ஜார்ஜியா மாநிலத்தில் 1970-களில் நடந்த 2,000-க்கு மேற்பட்ட கொலை வழக்குகளை டேவிட் பால்டஸ் என்ற பேராசிரியரும் அவர் சகாக்களும் ஆராய்ந்தார்கள். வழக்குகளுக்குள்ளே இருந்த மற்ற வித்தியாசங்களையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும், கொல்லப்பட்டவர் வெள்ளையரானால் கொன்றவருக்கு மரண தண்டனை கிடைக்கும் வாய்ப்பு 4.3 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். வெள்ளைப் போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட வாரன் மக்ளெஸ்கி என்ற கறுப்பினத்தவர், இந்தக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

1987-ல் தீர்ப்பு வந்தது. ஐந்துக்கு நான்கு. கணக்கு பொய் என்று கோர்ட் சொல்லவில்லை; சரி என்றே வைத்துக்கொண்டது. ஆனால், உன் வழக்கில் உன்னைக் குறிவைத்து வேண்டுமென்றே வஞ்சித்த ஆள் யார் என்று காட்டு என்றது. இந்த வாதத்தை ஒப்புக்கொண்டால் நீதிமுறை முழுவதுமே கேள்விக்குள்ளாகும் என்றும் சொன்னது. மாறுபட்ட நான்கு பேரில் ஒருவரான நீதிபதி பிரென்னன், அளவுக்கு மிஞ்சி நியாயம் கிடைத்துவிடுமோ என்ற பயம் இது என்று இடித்துரைத்தார்.

மரக்கால் பொய்யென்று நிரூபித்தாய்; அதைப் பற்றிப் பேசாதே; அளந்தவன் மனசிலே வஞ்சம் இருந்தது என்று நிரூபி என்பதுதான் இதன் பொருள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பவல், ஓய்வு பெற்ற பின், அந்த வாக்கை மாற்றிப் போட்டிருக்கலாம் என்று தம் சரித்திரத்தை எழுதியவரிடம் சொன்னார். 1991-ல் மக்ளெஸ்கி மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார்.

அப்படியானால் தனிமனிதனுக்குப் பொறுப்பில்லையா?

உண்டு. நிச்சயமாக உண்டு. மிஸ்ஸிஸிப்பியில் கர்டிஸ் ஃபிளவர்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஒரே கொலை வழக்கில் ஒரே அரசு வக்கீல் ஆறு முறை விசாரணைக்கு நிறுத்தினார். அந்த ஆறு விசாரணைகளில் ஜூரிக்கு வந்த கறுப்பினத்தவரில் அவர் தள்ளக்கூடியவர்களாக இருந்தவர்கள் 42 பேர். 41 பேரைத் தள்ளினார். 2019-ல் சுப்ரீம் கோர்ட் தண்டனையை ரத்து செய்தது. 2020-ல் வழக்கே கைவிடப்பட்டது. அந்த மனிதர் சிறையில் கழித்தது ஏறத்தாழ 23 ஆண்டு. தள்ளிய கை ஒரு தனிமனிதனின் கைதான். ஆனால் முதல் மூன்று தீர்ப்புகளையும் மேல் கோர்ட் ரத்து செய்த பிறகும், அதே வழக்கை அதே கையிலேயே விட்டுவைத்தது யார்? அமைப்புதானே!

2023 ஜனவரியில் மெம்ஃபிஸ் நகரில் டயர் நிக்கல்ஸ் என்ற கறுப்பு இளைஞர் போலீசாரின் அடியால் இறந்தார். அதற்காகக் குற்றம் சாட்டப்பட்ட ஐந்து போலீஸ்காரர்களும் கறுப்பினத்தவரே. போலீஸ்காரரின் தோல் நிறத்தை மாற்றினால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எனவே, தோழர்களே, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தொட வேண்டும். தலை தட்டி அளக்கிறவனைத் தட்டிக் கேட்க வேண்டும். அதோடு நின்றுவிடாமல் மரக்காலைக் கவிழ்த்துப் பார்த்து, அடியிலிருக்கும் கட்டையைப் பிடுங்க வேண்டும்.

பிடுங்க முடியுமா? முடியும் என்பதைச் சரித்திரம் காட்டுகிறது. ஸ்காட்ஸ்பரோ வழக்கில் மக்கள் நடத்திய போராட்டத்தினால்தான், மரண தண்டனை வழக்கில் ஏழைக்கு வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற தீர்ப்பு 1932-ல் பிறந்தது. கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து அடியோடு விலக்கக் கூடாது என்ற தீர்ப்பு 1935-ல் பிறந்தது. 2020-ல் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. வஞ்ச எண்ணம் இருந்ததென்று நிரூபிக்காமலே, நிற வித்தியாசத்தைப் புள்ளிவிவரத்தோடு காட்டி நியாயம் கேட்கலாம் என்கிறது அது. மக்ளெஸ்கிக்கு மூடிய கதவு அந்த ஒரு மாநிலத்தில் திறந்தது. பணம் கட்டியவனுக்கு மட்டும் ஜாமீன் என்ற முறையை இலினாய் மாநிலம் 2023 செப்டம்பரில் ஒழித்தது.

மினியாபொலிஸ் போலீஸ் இலாகாவையும் மத்திய நீதி இலாகா ஆராய்ந்து, கறுப்பினத்தவரையும் பூர்வகுடி அமெரிக்கரையும் அது சட்டவிரோதமாகப் பாரபட்சத்தோடு நடத்தியது என்று 2023 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஷாவின் அப்போது சிறையில் இருந்தார். சிறைக்குப் போய் இரண்டாண்டும் ஆகிவிட்டது. கெட்டவன் ஒருவன் போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னவர்களுக்கு அந்த அறிக்கையே பதில்.

இனி எங்கே, எவர், "ஒரு கெட்ட ஆள் செய்த தவறு, தண்டித்துவிட்டோம், கலைந்து போங்கள்" என்று சொன்னாலும், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஆளைத் தண்டித்தீர்கள், சரி, அவன் கையில் நீங்கள் கொடுத்திருந்த மரக்கால் எங்கே? அதைக் கொண்டுவந்து எங்கள் முன்னே கவிழ்த்துக் காட்டுங்கள்!